எண்ணாமல் தொகை சொன்னவர்

தொண்ணூறுகளில் ராஜபாளையம் நூல் மில் ஒன்றில் நான் ஸ்டோர்கீப்பர். கிடங்கின் ஒவ்வொரு பெட்டிக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி உண்டு. மொத்தத்தையும் அது எண்ணிச் சொல்ல அரை மணியாகும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒல்லியான புரோகிராமர், முகம் பார்த்துப் பேசாதவர், அந்தத் தொகையை நொடியில் வரவழைத்தார்.

“எண்ணாம எப்படிச் சொல்லுதீய?”

“பெட்டி வரும்போதே கூட்டி, போகும்போதே கழிச்சு, மொத்தத்தைத் தனியா வச்சிருதேன் அண்ணாச்சி.”

நம்பாமல் பழையபடி எண்ணவைத்தேன். அவர் தொகையில் பத்துப் பெட்டி குறைவு. திருட்டு என்று மேனேஜரிடம் ஓடினேன். விசாரித்தால், என் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தபோதே, அதில் எண்ணி முடித்த பத்துப் பெட்டி லாரியில் ஏறியிருந்தது. அதையும் கழித்திருந்த அவர் தொகைதான் சரி.

அதன்பின்னும் அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் ரகசியமாக எண்ணிப் பார்த்தேன். ஒருநாள் வாசலில் நின்று, “லாரி நிக்காத நேரமாப் பாத்து எண்ணுங்க அண்ணாச்சி” என்றார். அது கேலியா, அக்கறையா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.