மஞ்சள் தெளிந்த பிறகு

லயத்துக்கே தண்ணீர் தரும் பீலிக்கரையில் நிரம்பி வழிந்த வாளிக்கு முன்னால் அண்ணி குந்தியிருந்த அந்தக் காலை நேரம் அப்படியே கண்ணில் நிற்கிறது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்ற பெண்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவருடைய வாளியை நகர்த்தித் தங்கள் குடங்களை வைத்தார்கள்.

தொண்ணூறுகளில் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் நாங்கள் இருந்த காலம். அண்ணனைக் கட்டி வந்த இரண்டாம் வருஷம் அண்ணிக்கு மஞ்சள் காமாலை கண்டது. பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். கண் வெளுத்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் போய்விட்டது, ஆனால் அசதி பல மாதம் இருக்கும், பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக வந்து சொன்னார். அதில் முதல் பாதியை மட்டும்தான் நாங்கள் காதில் வாங்கினோம்.

அடுத்த வாரமே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போனார். பத்து மணிக்குள் கூடையை இறக்கிவைத்து மலைச்சரிவில் உட்கார்ந்துவிடுவாராம். எண்ணெய் காயும் வாடை பட்டால் குமட்டும். ரொட்டியைப் பாதியில் வைத்துவிடுவார். வலது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருக்கிறது என்பார். பார்வைக்கு ஒரு நோயும் தெரியாததே அவருக்கு வினையாயிற்று. அம்மா முணுமுணுத்தார். அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டு வேலையெல்லாம் என் தலையில் விழுந்த எரிச்சலில் ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

"காமாலை போயிருச்சு அண்ணி, சோம்பல்தான் போகல."

அந்த வாரமே அண்ணி பசறையிலிருந்த தாய்வீட்டுக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை, கூப்பிடவும் போகவில்லை. பத்து மாதம் கழித்து, உடம்பு தேறி, தானாகவே திரும்பி வந்தார். மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, பதுளையில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது எனக்கும் காமாலை வந்தது. தெளிந்து பள்ளிக்கூடம் போன முதல் நாள், கரும்பலகையில் திகதியை எழுதிவிட்டு உட்கார்ந்தவள், மணி அடித்தும் எழவில்லை. வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. கை என் கையாக இல்லை. பிள்ளைகளின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. அதுதான் சுகமாகிவிட்டதே டீச்சர் என்றார் பள்ளிக்கூட அதிபர். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

சேதி கேட்டு அண்ணிதான் வந்தார். மூன்று வாரம் இருந்தார். நான் சொல்லாமலே எண்ணெய் படாத சமையலாகச் செய்தார். ஒரு மத்தியானம், சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டேன்.

"அன்னைக்கு நான் சொன்னது ஞாபகம் இருக்கா அண்ணி?"

"இருக்கு" என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. அழ வேண்டும் என்றும் தெரிந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் கிடந்தேன். அண்ணி கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, போர்வையை இழுத்து என் காலை மூடினார்.

"எந்திரிக்காத. இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும்."

அந்த ஒரு வார்த்தையை அவருக்கு எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.