ரயில் நிற்காத இடத்தில் ஒரு கல்பெஞ்சு

காலை ஆறே முக்காலுக்கு ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். விழுப்புரத்திலிருந்து வரும் ரயில் பாதை ஆரணியைத் தொடாமல் மேற்கே ஒதுங்கிக் காட்பாடிக்குப் போய்விடுகிறது. அதில் ஒரு சின்ன நிறுத்தம் இருந்தது. மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கியபோது அதைக் கைவிட்டுவிட்டார்கள். அங்குள்ள கல்பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. கல்யாணமான மறுநாள் நானும் கோமதியும் அதில் உட்கார்ந்துதான் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்தோம். அவள் போய் மூன்று வருடமாகிறது.

ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார். "அங்க வண்டியே நிக்கறதில்லீங்களே, இன்னாத்துக்குப் போறீங்க?"

"சும்மா பார்க்கத்தான்."

"சும்மா பாக்கவா இவ்ளோ தூரம்?" என்றவர் வண்டியைக் கிளப்பினார். நெல் அவியும் வாசனை கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

பன்னிரண்டு கிலோமீட்டர். டிக்கெட் கொடுத்த அறைக்குக் கூரை இல்லை. ஜன்னல் கம்பிகளை எந்தப் புண்ணியவானோ அறுத்துக்கொண்டு போயிருந்தான். பெயர்ப் பலகையில் மஞ்சள் மட்டும் மிச்சம். அந்தக் காலத்தில் காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி. நெசவாளர்கள் சேலை மூட்டையோடு ஏறுவார்கள். டிக்கெட் கொடுத்தவரே ஓடிவந்து கொடியும் காட்டுவார். கோமதியின் அண்ணன்கள் இங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு பெங்களூர் போனபின், இந்தப் பக்கம் எனக்கு யாருமில்லை.

நடைமேடை மட்டும் காலியாக இல்லை. மாம்பழ நிறத்தில், தறிக்கான பட்டு நூல் பாவு ஒன்றை நீளமாக இழுத்துக் கட்டி, ஒரு கணவனும் மனைவியும் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். பாவின் ஒரு முனைக் கயிறு என் பெஞ்சில் கட்டியிருந்தது. பாவு நீட்டியிருக்கும்போது குறுக்கே போகக் கூடாது. நெசவாளி வீட்டு மாப்பிள்ளை நான், அதுகூடவா தெரியாது? ஓரமாக நின்றேன்.

"சார், ஒரு ஒத்தாசை," என்று கூப்பிட்டார் அந்த மனிதர். "நம்ம தெருவுல பைக்குங்க தொல்லை, அதான் இங்க வந்துட்டோம். வரவேண்டிய ஆளு ஒர்த்தன் வரல. இழுத்தா அந்தக் கல்லு ஆடிகினே கீது. சுத்திகினு போயி அது மேல கொஞ்சம் உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். இடது ஓரம், அன்று உட்கார்ந்த அதே இடம். அன்று அவள் அழுதுகொண்டிருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் அதைத்தான் பார்த்தேன். காட்பாடிப் பக்கம் ஒரு வண்டி நிற்காமல் போயிற்று. பாவில் கை வைத்திருந்த இருவரும் திரும்பவில்லை.

"அண்ணே, ஓரமா குந்திகினீங்களே, கல்லு சாயுது," என்றாள் அந்தப் பெண். "பக்கத்துல யாருனா வராங்களா?"

வீட்டுக் கட்டிலிலும் இன்னும் நான் ஓரத்தில்தான் படுக்கிறேன்.

"இல்லம்மா, யாரும் வரல," என்றேன்.

"அப்போ நடுவுல வாங்க."

நகர்ந்து நடுவில் உட்கார்ந்தேன். கல் ஆடாமல் நின்றது. அவர்கள் பாவைச் சுருட்டி முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.