சம்பந்தி கொண்டுவந்த வைன்

மகள் விரும்பிய நோர்வேப் பொடியனின் தகப்பன் முதன்முதலாக ட்வெய்ட்டா என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, பனி கரையத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொடியனுக்கு வேலை; மனுசன் தனியாகத்தான் வந்தார். கொண்டுவந்த பிரெஞ்சுச் சிவப்பு வைன் போத்தலை இரண்டு கையாலும் தந்தார்.

விருந்தாளிக்குக் குடிக்கக் கொடுக்கிற எதுவும் குளிர்ந்திருக்க வேணும் என்பது என் எண்ணம். போத்தலைக் கொண்டுபோய் ஃப்ரீசரில் மீனுக்கும் இறாலுக்கும் நடுவே படுக்க வைத்தேன். ஆட்டுக்கறி மேசைக்கு வந்ததும் எடுத்து, உறைந்துவிட்டதோ என்று நன்றாகக் குலுக்கிப் பார்த்தேன். பிறகு தண்ணீர்க் கிளாசுகளில் விளிம்புவரை ஊற்றினேன். வைன் கலங்கலாக இருந்தது. கறுப்புத் தூள் மிதந்தது.

"பழுதாப் போச்சுப் போலை" என்றேன் மனைவியிடம்.

மகளின் முகம் சிவந்துவிட்டது. "பழுதில்லை அப்பா. பழைய வைனிலை அடியிலை மண்டி படியும். இவர் தன்ரை மகன் பிறந்த வருசத்து வைன் எண்டு, இப்பிடி ஒரு நாளுக்காக இவ்வளவு காலமும் பாதுகாத்து வைச்சிருந்தவர். நீங்கள் குலுக்கிப் போட்டியள்."

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"ஃப்ரீசருக்கை வைப்பியள் எண்டு ஆர் கண்டது?"

எனக்குத் தலை நிமிரவில்லை. அவருக்குத் தமிழ் விளங்காது. என் முகம் விளங்கியிருக்கும். கிளாசை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு, "அவசரமில்லை, கொஞ்சம் சூடேறட்டும்" என்றார் நோர்வேஜிய மொழியில். நானும் அப்படியே பிடித்தேன்.

சாப்பிட்டு முடிகிற நேரம் தூள் அடியில் இறங்கியிருந்தது. மேலே பழைய செங்கல்லின் நிறம். மூக்கருகே கொண்டுபோனேன். மழையில் நனைந்த சருகு, வற்றல் பிளம்ஸ், எங்கோ ஆழத்தில் காய்ந்த புகையிலை. வாயில் ஒரு முரட்டுத்தனமும் இல்லை. மெல்லிய புளிப்போடு வழுக்கி இறங்கிவிட்டது. வாசம் மட்டும் நெடுநேரம் நின்றது. குரலை உயர்த்தாமலே சபையைத் தன் பக்கம் திருப்புகிற ஆட்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி. கூடாத வைனாக இருந்திருந்தால் ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

"எப்படி?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்கு" என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

கலியாணம் நல்லபடி நடந்தது. சம்பந்தி வீட்டுக்கு எப்போது போனாலும், குளிர்ந்த பியர் ஒன்றை அன்போடு என் முன்னால் வைத்துவிட்டு, தனக்கு மட்டும் வைன் ஊற்றிக்கொள்வார். எனக்கும் ஒரு வாய் தாருங்கோ என்று கேட்க இன்றுவரை வாய் வரவில்லை.