எனக்கென்று ஒரு பதிவு

துபாயிலிருந்து குரல் வந்தால் அது வீட்டுக்கே பொது. கேசட் காலத்திலிருந்தே எங்கள் ஊர் லெப்பைக்குடிக்காட்டில் அதுதான் வழக்கம். என் கணவர் என்னிடம் பேசியதைக்கூடக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்துதான் கேட்டேன். எரிச்சலாக இருக்காதா?

அவர் ஒரு கையடக்கக் கணினி அனுப்பியதும், எனக்கென்று தனியாகப் பேசி அனுப்பச் சொல்லிப் போனில் சண்டை போட்டேன். அடுத்து ஊருக்கு வந்தவரிடம் மெமரி கார்டு கொடுத்துவிட்டார். அதில் இரண்டு பதிவுகள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று எனக்கு.

கணினியைக் கூடத்தில் வைப்பதற்குள் என்னுடையதை மறைத்தாக வேண்டும். பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் பதிவுகளை மறைத்து வைக்க உதவும் ஃபைல் மேனேஜர்கள் இரண்டை ஏற்கெனவே அதில் ஏற்றி வாங்கியிருந்தேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழகாக இருந்ததை முதலில் திறந்தேன். மறைத்துவிட்டதாகச் சொன்னது. பாட்டுப் போடும் இடத்தில் பார்த்தால் அந்தப் பதிவு பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

"உள்ள என்னம்மா பண்றே? எல்லாரும் வந்துட்டாங்க!" கூடத்திலிருந்து மாமியார் கூப்பிட்டார்.

இன்னொன்று பார்க்கச் சகிக்காது. ஆனால் பதிவைப் பூட்டுவதற்குக் கடவுச்சொல் கேட்டது. வியர்த்த விரல்களில், திரையைத் தொட்டு எழுதும் குச்சி வழுக்கியது. கொழுந்தன் கதவைத் தட்டிய நேரத்தில் பூட்டி முடித்தேன்.

பொதுப் பதிவு ஓடியது. எல்லோரையும் பேர் சொல்லி நலம் விசாரித்தார். கேட்டுவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஜெயித்துவிட்டேன் என்று கணினியை எடுக்கக் குனிந்தேன். மாமியார் மட்டும் நகரவில்லை. அதையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"எனக்குன்னு தனியா ஒண்ணும் பேசலியாம்மா எம்புள்ள?"