சிலிக்கா குறைந்த கல்லும் டீசல் இல்லாத கம்பெனியும்

மாடியில் ஓர் அறை கட்ட வைத்திருந்த பணத்தை ஒரு குழிக்குள் போட்டவன் நான். இத்தனைக்கும் யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஏமாறுவதற்கான ரிப்போர்ட்டை நானே டைப் செய்து, நானே கையெழுத்திட்டு, நானே படித்து நம்பினேன். எங்கள் லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. சாம்பிள்

மைசூர் ஹெப்பாளில் ஒரு தனியார் லேபில் சீனியர் கெமிஸ்ட் நான். கல்லைப் பொடித்து, ஃபர்னஸில் சுட்டு, அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது வேலை. தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ராமாபுரத்திலிருந்து பழனிச்சாமி என்பவர் ஒரு மூட்டை மேக்னசைட், அதாவது உலைச் செங்கலுக்குப் போகும் வெள்ளைக் கல், கொண்டுவந்தார். புதிதாகச் சுரங்கக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். இந்தக் கல்லில் சிலிக்கா குறையக் குறைய விலை கூடும்; சிலிக்கா அவ்வளவு குறைந்த கல்லை நான் கண்டதில்லை. சந்தேகப்பட்டு மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் கல் பாஸ்.

“கல்லு எப்படிங்க சார்?”

“பிரமாதம்.”

“அப்ப நீங்களும் ஒரு பங்கு போடுங்க. கல்லப் பத்தித் தெரிஞ்ச ஆளு ஒருத்தராச்சும் கம்பெனில வேணுமுங்க.”

அந்த ஒரு வாக்கியத்தில் என் இருபது வருஷ அனுபவம் தடாலென்று சாய்ந்தது.

என் மனைவி சுதா வீட்டு ஹாலில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். பிள்ளைகள் கிளம்பும்வரை நான் சமையலறையில் அகதி. மாடி அறை அவளுடைய டியூஷனுக்குத்தான். விஷயத்தைச் சொன்னதும் கேட்டாள்:

“ஏன்னா, முதல் லோடு வித்துக் காசு வர்ற வரைக்கும் டீசலுக்கு என்ன பண்ணுவாராம்?”

“சிலிக்கா எவ்வளவு கம்மி தெரியுமா?”

“நான் டீசலைக் கேட்டேன்.”

எங்கள் ரிப்போர்ட் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி உண்டு: ‘இந்த முடிவு, கொடுக்கப்பட்ட சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும்.’ கம்பெனியின் கஜானாவுக்குப் பொருந்தும் என்று எங்கேயும் போடவில்லை. அந்த வரி வாடிக்கையாளர்களுக்கானது என்று நினைத்து, பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

2. பூஜை

தோண்ட ஆரம்பிக்கும் நாளில் நானும் போயிருந்தேன். பொக்லைனுக்கு மல்லிகை மாலை, செயினுக்கு அடியில் எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்து, கேசரிபாத் சாப்பிட்டு, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் ஆபரேட்டர் தலையை நீட்டினார்.

“சாமி, வண்டி மத்தியானம் வரைக்கும்தான் வாடகை. தோண்டறதுன்னா இப்பவே தோண்டிக்கங்க.”

“சொந்த வண்டி அடுத்த மாசம் எடுத்துடலாமுங்க,” என்றார் பழனிச்சாமி, என் முகத்தைப் பார்க்காமல்.

லீஸ், சர்வே, அனுமதிக் காகிதங்கள் என்று என் பணமும், அவர் நிலம் விற்ற பணமும் பூஜைக்கு முன்பே பெரும்பாலும் கரைந்திருந்தன. மிச்சத்தில் அவ்வப்போது வண்டி பிடித்து இரண்டு ஆள் ஆழம் தோண்டினார். மழை வந்து குழி நிரம்பியது. தண்ணீரை இறைக்கப் பம்ப் வேண்டும், பம்புக்கு டீசல் வேண்டும். கல் இன்றும் அடியில்தான் கிடக்கிறது. தரத்தில் ஒரு குறையும் இல்லை.

3. பங்கு

கற்றதைச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சுரங்கக் கம்பெனியில் பணம் போடும்முன் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். முதல் லாரி கிளம்பும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வருகிற பதிலில் பாதியை நம்புங்கள். நல்ல கல் வேறு, நல்ல கம்பெனி வேறு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனிச்சாமி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வீட்டுக்கு வந்தார்.

“குழியில மீன் விட்டேனுங்க சார். இது உங்க பங்கு.”

வாளிக்குள் இரண்டு கட்லா வாலடித்துக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பூர்வீகம் மேல்கோட்டை. வெங்காயம் நறுக்கவே நாள் பார்க்கும் வீடு.

“நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு தெரியுமுங்க. தொட்டியில விட்டு வளத்துங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சுதா குனிந்து வாளிக்குள் வெகுநேரம் பார்த்தாள்.

“பரவாயில்லேன்னா. நீங்க போட்டதிலே ஏதோ ஒண்ணாவது உசிரோட திரும்பி வந்திருக்கே.”