எடைமேடை அண்ணனும் ஏறி இறங்கும் கோலும்

எங்கள் இட்லிக் கடை வாசலில் ஒருநாள் காலையில் ஒரு படி கூடியிருந்தது.

அதுவரை வாசலுக்கு ஒரே படிதான், அதுவும் நல்ல உயரம். மாவு அண்டாவைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதெல்லாம் என் இடது முட்டி "முருகா" என்று கத்தும். அது கத்தாத நாளில் நான் கத்துவேன். அன்றைக்குப் பார்த்தால் படிக்குக் கீழே சிமெண்ட் கல்லை ஆடாமல் பதித்து, பாதி உயரத்துக்கு இன்னொரு படி. யார் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. முருகன்தான் வைத்தான் என்று முடிவு செய்து, அந்தக் கல்லுக்குக் கற்பூரம் காட்டினேன். எதிரே எடைமேடை ஜன்னலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த செல்லமுத்து அண்ணன், எழுந்து நின்று தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் இட்லியைப் பிட்டபோது அவர் நகக்கண்ணில் சிமெண்ட் காய்ந்திருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "சாம்பார்ல உப்பு கம்மியா இருக்கு தங்கச்சி" என்றார்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டுகிற சாலையில் இருக்கிறது அவருடைய எடைமேடை. அதே தூசியில்தான் என் கடையும். எங்கள் சட்னி வெள்ளையாக இருப்பதற்குத் தேங்காய் மட்டும் காரணமில்லை என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். வெகுகாலம் லாரிகளை நிறுத்தி எடை பார்த்ததில், மனிதர்களையும் லாரியாகவே பார்க்கிற பழக்கம் அண்ணனுக்கு வந்துவிட்டது. யாராவது கடைக்குள் நுழைந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார். கால் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். "இவருக்கு லோடு பூரா வலப்பக்கம் நிக்குது, செருப்பு அந்தப் பக்கம்தான் தேஞ்சிருக்கும்" என்பார். குனிந்து பார்த்தால் தேய்ந்திருக்கும். சில நாள் இடப்பக்கமும் தேய்ந்திருக்கும். அதற்குச் செருப்புத் தைத்தவனைக் குறை சொல்வார்.

ஒருமுறை கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மாளிடம், "போன வருசத்துக்கு நாலு கிலோ ஏறியிருக்கீங்க" என்று பாராட்டுகிற குரலில் சொல்லிவிட்டார். அவர் மனைவி அம்பிகா அண்ணி இலையிலிருந்து பாதியில் எழுந்துவிட்டார். "வாயா அது, எடைமேடையா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாராம்.

இந்த அண்ணனிடம் இரண்டு ஊன்றுகோல்கள் உண்டு. மலை ஏறுகிறவர்கள் வைத்திருக்கிற, நீட்டி மடக்குகிற வகை. லப்பைக்குடிக்காட்டில், மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து கடை வைத்திருக்கும் ஜப்பார் பாயிடம் வாங்கியது. காலையில் ஏரிக்கரையில் இரண்டு கையிலும் இரண்டையும் ஊன்றி நடப்பார்.

"அண்ணே, நம்மூர்லயும் பனி பேஞ்சிருச்சா?" என்று லாரியிலிருந்து தலையை நீட்டுவார்கள்.

"சுண்ணாம்பு பேயுதுல்ல, போதும் போடா" என்பார்.

மேடு வந்தால் நிற்பார். கிளிப்பைத் திறந்து, கோலைக் கொஞ்சம் குட்டையாக்கி, மூடி, ஏறுவார். இறக்கம் வந்தால் மறுபடி நிற்பார், கொஞ்சம் நீட்டுவார், இறங்குவார். ஏரிக்கரையில் எத்தனை மேடு பள்ளம் உண்டோ அத்தனை முறை. "இந்த மனுசங்கூட ஒரு கல்யாணத்துக்கு நடந்து போனா, நாம போய்ச் சேரக்குள்ள வளைகாப்பே வந்துரும்" என்பது அண்ணியின் புகார்.

எனக்கும் அந்தக் கோல் தேவைப்பட்ட கதை இது. என் மகள் சிவரஞ்சனிக்குக் கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லை. பிறந்தால் பர்வதமலை ஏறி, மல்லிகார்ஜுனர் முன்னால் என் கையால் நெய்விளக்கு ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பேத்தி பிறந்தாள், தவழ்ந்தாள், நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் நடை வரவில்லை. குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் வந்தாலும் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பேன். கடன் வைத்தவள் நான், சாமி குழந்தையிடம் வசூல் பண்ணமாட்டார் என்று தெரியும். தெரிந்து என்ன, ராத்திரி தூக்கம் வரவேண்டுமே.

"ஸ்டிக் வாங்கிரு தங்கச்சி. முட்டிக்குப் போற பாரத்துல கொஞ்சத்தக் கை வாங்கிக்கும்" என்றார் அண்ணன்.

ஜப்பார் பாய் இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று அண்ணன் வைத்திருப்பதுபோலக் கிளிப் போட்டது, கறுப்பு. இன்னொன்று உள்ளுக்குள் திருகி இறுக்குவது, மெரூன் கலரில் பளபளவென்று இருந்தது.

"கிளிப்ப எடு. இறுகியிருக்கா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

கறுப்பைப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் ஓடி வந்தவள்போல இருந்தது. மெரூனைப் பிடித்துப் பார்த்தேன். வேல் பிடித்தமாதிரி இருந்தது. அன்றைக்கு உடுத்தியிருந்த புடவைக்கும் பொருந்தியது.

"பாய், எது நல்லது?"

"ரெண்டும் நல்லதுதாம்மா. நீங்க எதப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களோ அது ரொம்ப நல்லது" என்றார் பாய். வியாபாரம் தெரிந்தவர். மெரூனில் ஒரு ஜோடி வாங்கினேன்.

கடை வாசலில் என்னை நிறுத்தி அண்ணன் அளவு பார்த்தார். முழங்கை மடங்கித் தராசுத் தட்டுபோல நேராக நிற்கவேண்டுமாம். பிடியில் தொங்கும் கைவாருக்குள் கீழேயிருந்து மேலே கையை விட்டுப் பிடிக்கவேண்டுமாம். அப்போதுதான் பாரம் வாரில் இறங்குமாம், விரல் நோகாதாம். என் கையில் அரை டஜன் வளையல். வார் வளையலுக்கு மேலே போகாது, வளையல் வாருக்குக் கீழே வராது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கோலில் கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டிபோல நடந்தேன்.

ஒரு வாரம் கடை வாசலில் பழகினேன். இட்லிக்கு உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கோலை வைத்துக்கொள்ளும் முறையையும் அண்ணனைப் பார்த்துத்தான் கற்றேன். மழையில் நனைந்தால் அவர் தன் கோலைத் துண்டு துண்டாகக் கழற்றி, துடைத்து, வடகம் காயப்போடுவதுபோல முறத்தில் பரப்பி வைப்பார். "உள்பக்கம் காஞ்சே இருக்கணும்" என்பார். நனைந்தால் துரு ஏறும், அதற்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையில் அன்றைக்கு எல்லாச் சாமானுக்கும் மரியாதை உண்டு. இட்லிப் பானை, அரிவாள்மனை, கிரைண்டர், கேஸ் அடுப்பு என்று வரிசையாகக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பேன். திருகுகிற, சுற்றுகிற சாமானாக இருந்தால் கூடவே இரண்டு சொட்டு எண்ணெய். புதிதாக வந்த கோல்களை விட மனசு வருமா? பொட்டு வைத்தேன், பூ சுற்றினேன். திருகு கொஞ்சம் இறுக்கமாக இருந்ததுபோலத் தோன்றியது. பாவம், வருஷத்துக்கு ஒருநாள்தானே என்று கழற்றி, நல்லெண்ணெயைத் தாராளமாகவே விட்டேன். வழுவழுவென்று திரும்பியது. அதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு திருப்தி. பூஜை போட்ட சாமானைத் தரையில் ஊன்ற மனசில்லாமல், மலைக்குப் போகிற நாள்வரை சாமி படத்துக்குப் பக்கத்திலேயே சாத்தி வைத்தேன்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு வேன் பேசிப் போனோம். அண்ணன், அண்ணி, நான், தெருக்காரர்கள் கொஞ்சம் பேர். விடிந்ததும் அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தோம். படிக்கட்டு வரை குறையில்லை; கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கோலைச் சும்மா சுமந்துகொண்டு ஏறிவிட்டேன். அதற்கு மேலே கல்லும் வேருமான பாதை. முதல் பெரிய கல்லில் கோலை ஊன்றிப் பாரத்தைக் கொடுத்தேன். கோல் 'சர்ர்' என்று தனக்குள்ளேயே போய்விட்டது. நான் நேராக மண்ணில் நமஸ்காரம்.

எழுந்து, நீட்டித் திருகி, ஊன்றினேன். மறுபடி நமஸ்காரம். மூன்றாவது தடவை விழுந்தபோது, பக்கத்தில் வந்த வெளியூர் அம்மா ஒருவர் கண் கலங்கி, "அடிக்கு ஒரு கும்பிடு போட்டு வராங்க பாரு, என்னா பக்தி!" என்று தன் மருமகளிடம் காட்டினார். மருமகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். வாயில் மண்ணோடு, "நல்லாயிரும்மா" என்றேன்.

அண்ணன் கோலை வாங்கிக் கழற்றினார். உள்ளே பார்த்தார். மோந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இட்லிப்பொடிக்குக் கொழைச்ச மாதிரி வாசன வருது?"

"பூசைக்குப் போட்டேங்கண்ணே. ரெண்டு சொட்டு."

"ரெண்டு சொட்டா? தோசையே சுடலாம்போல இருக்கு. இது கிரைண்டரா? உள்ள புடிச்சி நிக்கணும் தங்கச்சி, வழுக்குனா எப்புடி நிக்கும்?"

அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நல்லவேள வேணி, ஒன் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலின்னப்ப அவருக்கு எண்ணெ விடாம இருந்தியே" என்றார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. முட்டி வீங்கிவிட்டது. நெய்க்கிண்ணத்தையும் திரியையும் எடுத்து அண்ணனிடம் நீட்டினேன். "நான் இங்கயே உக்காந்துக்கறேன். என் பேரச் சொல்லி நீங்க ஏத்திருங்கண்ணே."

அவர் வாங்கவில்லை. "ஒன் முட்டிக்குக் குடுத்த மாத்திரய நான் முழுங்கினா சரியாயிருமா? வேண்டுனது நீ. எந்திரி." பிறகு என் சுருக்குப்பையைப் பார்த்தார். "விபூதி வச்சிருக்கியா?"

கொடுத்தேன். நெற்றிக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் அதைக் கை நிறையக் கொட்டி, எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்துக்குச் சாம்பல் போடுவதுபோலத் திருகில் தேய்த்து, துண்டால் துடைத்தார். ஒரு கோல் பிடித்துக்கொண்டது. இன்னொன்று எவ்வளவு துடைத்தும் வழுக்கியது. அதை முழுசாக மடக்கிவிட்டார். மடக்கியது இனிமேல் எங்கே இறங்கும்? இடுப்புக்கும் எட்டாத அந்தக் குட்டைக் கம்பையும் பிடித்து நின்ற மெரூன் கோலையும் தான் வைத்துக்கொண்டு, தன்னுடைய கறுப்புக் கோல் இரண்டையும் என் அளவுக்குக் குறைத்து, கிளிப்பை மூடி என் கையில் கொடுத்தார்.

ஏறினேன். பாறையில் பிடித்து ஏறக் கடப்பாறை நட்டிருக்கும் இடம் வந்ததும் கோல்களை மடக்கிப் பையில் வைத்து என் முதுகில் கட்டிவிட்டார். அங்கே கைதான் வேலை செய்யவேண்டும். அண்ணி பின்னாலிருந்து தள்ள, அண்ணன் மேலேயிருந்து, "வலது காலு, வலது காலு, அது எடது" என்று வழி சொல்ல, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். என் கையால் விளக்கு ஏற்றினேன். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினேன். அண்ணன் இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொள்ள, நின்று எரிந்தது. பேத்தியின் பேரைச் சொல்லி அழுதேன். அண்ணியும் அழுதார். அண்ணன், "நெய் கம்மியாத்தான் ஊத்திருக்க. எண்ணென்னா மட்டும் கை தாராளம்" என்றார்.

இறங்கும்போது என் கையிலிருந்த கறுப்புக் கோல்களை நீட்டிவிட்டார். நான் ராணிபோல இறங்கினேன். அவர் முன்னால், ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாக, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தோளைச் சாய்த்து இறங்கினார். மழையில் ஒருபக்கம் உட்கார்ந்துபோன லாரிபோல இருக்கிறது என்று நானே சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அதற்கப்புறம் ஏரிக்கரையில் அவரைக் காணவில்லை. கேட்டால், "வேலை ஜாஸ்தி" என்றார். பொங்கலுக்கு முன்னால்தான் அண்ணி சொன்னார். "அவுருக்கு ரெண்டு முட்டியிலயும் சவ்வு தேஞ்சிபோச்சி வேணி. மலப்பக்கமே போவக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருந்தாரு. ஸ்டிக்கு இருக்குல்ல, வேணி வேண்டுதல முடிச்சிவுட்டுட்டு வந்தர்றேன்னு கெளம்புன மனுசன்." எல்லாருடைய பாரத்தையும் வாய்விட்டுச் சொல்கிறவர், தன் கணக்கை மட்டும் சொல்லவில்லை. என் கண்ணுக்கு எதிரே பத்து வருஷமாக நடந்த கால் எப்படி விழுகிறது என்று நானும் ஒருநாள் பார்க்கவில்லை. இட்லி எத்தனை என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

சித்திரையில் வேலையை விட்டார். திருப்பூரில் மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனேன். அவருடைய கறுப்புக் கோல்கள் மலையிலிருந்து வந்த நாள் முதல் என்னிடமே இருந்தன. கொடுக்கப் போனபோதெல்லாம், "இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவந்தார். மஞ்சள் பையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.

பையை வாங்கிப் பிரித்தார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணி மேலே ஏறி இடம் பிடித்து, "ஏங்க, வாங்க" என்று கூப்பிட்டார். அவர் அவசரப்படாமல் என்னை நேராக நிற்கச் சொன்னார். முழங்கையை மடக்கச் சொன்னார். இரண்டு கோலையும் என் உயரத்துக்கு வைத்து, கிளிப்பை மூடி, அழுத்திப் பார்த்து, என் இரண்டு கையிலும் கொடுத்தார். பிறகு படியின் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக மெல்லத் தூக்கி வைத்து ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தலையை வெளியே நீட்டினார்.

"ஆயுத பூசைக்குப் பொட்டு மட்டும் வையி, தங்கச்சி."