மர அகப்பையும் சிவப்பு ஸ்டிக்கரும்

மிக்ஸி, கெட்டில், இஸ்திரிப்பெட்டி என்று வேலையிடங்களில் பிளக் வைத்த சாமான் எதுவானாலும் டெஸ்ட் செய்து, தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. ஒரே ஒரு சிவப்பு ஸ்டிக்கரால் அந்த வேலையே போகப் பார்த்தது. மலைமேல் இருக்கும் செம்மேட்டில், ஒரு தங்கும் விடுதியின் சமையல்கட்டில் நடந்தது.

அங்கே சமையல் செய்தவர் செல்லம்மா, அதே மலையில் குண்டனி நாடு என்ற பகுதிக்காரர். மர அகப்பையின் காம்பால் கிரைண்டர் சுவிட்சைத் தட்டினார். தரையெல்லாம் ஈரம். சாமி படம் இருப்பதால் உள்ளே செருப்புக்கு அனுமதி இல்லை.

"ஏனுங்கக்கா, கையில போடக் கூடாதா?"

"தொட்டாச் சுருக்குனு இழுக்குதுங்க. ஈரக்கையோட தொடற எம்மேலதான் தப்புன்னு மொதலாளி சொன்னாருங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் இரண்டு ஓட்டையில் நுழைப்பதற்காக எர்த் பின்னை உடைத்திருந்தார்கள். கசிவைக் காட்டும் மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்தால் இன்சுலேஷனும் போயிருந்தது. மோட்டாரில் கசியும் கரண்ட், தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் தரைக்கு இறங்கும். சிவப்பை ஒட்டினேன்.

முதலாளி ஷூவோடு வாசற்படிக்கு வெளியே நின்றார். "நாளைக்கு எல்லா ரூமும் புக்கிங்குங்க. பச்சைய ஒட்டிட்டுப் போங்க, அப்பறமாச் சரி பண்ணிக்கறேன்."

முடியாது என்றேன். என் மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏம்மா, பாஸ்னு எழுதிட்டு வாங்க. இல்லீன்னா நாளைக்கு ஆபீஸ் பக்கம் வர வேண்டாம்."

முதலாளியைப் பார்த்தேன். "ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க. அக்கா நிக்கற ஈரத்துல நின்னு, உங்க கையால ஒருக்காப் போடுங்க. பாஸ்னு எழுதறேன்."

பிளக்கைத் திரும்பச் செருகும் எண்ணம் எனக்கு இல்லை. அது அவருக்குத் தெரியாது. படியை விட்டு அவர் நகரவே இல்லை.

கட்டரை எடுத்து வயரை நறுக்கி, பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப எம்மேல தப்பில்லீங்களா?" என்றார் செல்லம்மா.

"இல்லவே இல்லீங்கக்கா."

அவர் அகப்பையைக் கழுவி, கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரில் விட்டார்.

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். பிளக்கையும் ரிப்போர்ட்டையும் மேனேஜர் மேஜையில் வைத்து, "பாஸ்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றேன். பேனாவைத் திறந்தவர் திரும்ப மூடிவிட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மீட்டரை எடுப்பதற்கு முன்னால், அந்தச் சாமானைத் தினமும் தொடுகிறவர் எப்படித் தொடுகிறார் என்று பாருங்கள். சிவப்பு என்றால் சிவப்புதான். எனக்கு வேலை போகவில்லை. போயிருந்தாலும் பச்சை ஒட்டியிருக்க மாட்டேன்.